கல்லூரி விண்ணப்ப நேரத்தில் பெரிய நோய்: எதைச் சொல்வது, எதைத் தள்ளிப்போடுவது?

நிலாமுற்றம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

என் மகளுக்கு 17 வயது, பள்ளியில் கடைசி வருஷம். மூன்று வாரத்துக்கு முன்னால் தலை பின்னிவிடும்போது கழுத்தில், காறையெலும்புக்குச் சற்று மேலே, விரலில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. ரப்பரைத் தொட்ட மாதிரி இருந்தது. "பரீட்சை முடியட்டும்மா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள். நல்லவேளை, நான் கேட்கவில்லை. பயாப்ஸியில் ஹாட்ஜ்கின் லிம்போமா, அதாவது நிணநீர் மண்டலத்தில் வரும் ஒரு புற்றுநோய், இரண்டாம் நிலை என்று வந்தது. குணமாக நிறைய வாய்ப்பு இருப்பதாக டாக்டர் சொல்கிறார். கீமோ அடுத்த வாரம் தொடங்குகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுவார்கள். இரண்டு சுழற்சி, அதாவது நான்கு தடவை மருந்து, முடிந்ததும் நோய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் எடுத்து மீதியை முடிவு செய்வார்களாம்.

கல்லூரி விண்ணப்பங்களின் கடைசித் தேதிகளும் இதே மாதங்களில்தான் வருகின்றன. ஒன்பது கல்லூரிகளின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். "உயிரைவிடவா படிப்பு, இந்த வருஷம் வேண்டாம்" என்று என் கணவர் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. அன்று ராத்திரி அவள் என்னிடம், "முடி போகும்னு சொன்னாங்க, சரி. ஸ்கூல் போக முடியாதுன்னாங்க, சரி. இதையும் எடுத்துக்காதீங்கம்மா" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நோயைப் பற்றி விண்ணப்பத்தில் எழுதலாமா? எழுதினால் ஒதுக்கிவிடுவார்களோ? மதிப்பெண் குறைந்தால் என்ன செய்வது? ஒரு வருஷம் தள்ளிப்போடுவதுதான் நல்லதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேசைவிளக்கு

சகோதரி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் பதினோரு வருஷம் விண்ணப்பங்கள் படித்தவன் நான். அந்த மேசையிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் கண் முதலில் மதிப்பெண் பட்டியலுக்குத்தான் போகும். மூன்று வருஷம் சீராக வந்த பிள்ளை கடைசி அரையாண்டில் சரிந்திருந்தால், ஏன் என்று தேடுவோம். காரணம் எங்கேயும் எழுதியிருக்காவிட்டால் படிப்பவர் மனசு தானாக ஒன்றைக் கற்பித்துக்கொள்ளும். பிள்ளைக்கு ஆர்வம் போய்விட்டது, பாடம் கடினமானதும் திணறிவிட்டது, இப்படி. பட்டியலில் சரிவோ இடைவெளியோ தெரிந்தால் அவசியம் சொல்லுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் சொல்வதும் சொல்லாததும் மகளின் விருப்பம்.

யார் சொல்வது என்பது இதைவிட முக்கியம். பள்ளி ஆலோசகரோ தலைமையாசிரியரோ தங்கள் கடிதத்தில் சொல்லட்டும். அப்போது அது வெறும் தகவலாகப் போய்ச் சேரும். மகள் எழுதும் கட்டுரை முழுக்க மகளுக்கே மிஞ்சும். பள்ளிக் கடிதத்தில் எப்போதிலிருந்து எப்போது வரை, அதனால் என்ன செய்ய முடியாமல் போனது, இப்போது நிலைமை என்ன, இவ்வளவு இருந்தால் போதும். இந்த மாதிரி:

"இந்த மாணவி செப்டம்பர் முதல் மருத்துவச் சிகிச்சையில் இருக்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான்கைந்து நாள் வகுப்புக்கு வர இயலவில்லை. ஆய்வக வேலைகளை முடிக்கக் கூடுதல் அவகாசம் தந்திருக்கிறோம். எழுத்து வேலைகளின் தரம் முன்போலவே இருக்கிறது. அடுத்த கல்வியாண்டில் முழுநேரம் படிக்கத் தடை இல்லை என மருத்துவர் கருதுகிறார்."

நோயின் பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை மகளிடமே கேளுங்கள். பெயர் இல்லாமலும் இந்தக் கடிதம் நிற்கும்.

கேட்காத வரை மருத்துவ அறிக்கைகளை அனுப்பாதீர்கள். ஒரு தடவை எங்களுக்கு நாற்பது பக்கக் கோப்பு ஒன்று வந்தது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மனநல ஆலோசனைக் குறிப்பு எல்லாம் அதில் இருந்தன. அந்தப் பிள்ளை பிறகு எங்கள் கல்லூரியிலேயே சேர்ந்தது. வராந்தாவில் எதிரே வந்து சிரிக்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். எனக்குத் தெரிய வேண்டாதது எல்லாம் தெரிந்திருந்தது. மருத்துவரின் கையெழுத்தோடு ஒரே ஒரு பக்கக் கடிதம் தயாராக வைத்திருங்கள், கேட்டால் கொடுக்கலாம்.

கடைசிபெஞ்ச்

அம்மா, எனக்கு 16 வயதில் ரத்தப் புற்றுநோய், ஏஎல்எல். இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அதற்குச் சிகிச்சை இரண்டு வருஷத்துக்கு மேல் நீளும். கல்லூரியில் சேர்ந்த பிறகும் தினமும் ராத்திரி மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

உங்கள் மகளுக்கு நான் சொல்ல வேண்டியது காலண்டர் பற்றி. கீமோ ஏற்றிய முதல் நான்கு நாள் எனக்கு ஒரு வரி படித்தாலும் மண்டையில் நிற்காது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். இரண்டு முறை இப்படிப் போனதும், எந்த நாள் என் நாள் என்று எனக்கே தெரிந்துவிட்டது. சுவரில் காலண்டர் மாட்டி நல்ல நாட்களுக்குப் பச்சை அடித்தேன். விண்ணப்ப வேலை முழுவதும் பச்சை நாளில் மட்டும், அதுவும் காலையில் ஒன்றரை மணி நேரம். மற்ற நாளில் அந்தப் பேச்சே வீட்டில் எடுக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மாவுக்குத்தான் அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

பட்டியலையும் குறைத்தேன். பத்து கல்லூரி இருந்தது, நாலு ஆக்கினேன். ஒரே கட்டுரையைக் கொஞ்சம் மாற்றி எல்லாவற்றுக்கும் பயன்படுத்த முடிகிற நாலு.

அடுத்தது கை. எனக்குக் கொடுத்த வின்கிரிஸ்டின் என்ற மருந்து நரம்பைப் பாதிக்கும். விரல் நுனி மரத்துப்போய் பேனா பிடிக்கத் தெரியவில்லை, என் கையெழுத்தே எனக்குப் புரியவில்லை. இதைத் தேர்வுக்குப் பல வாரம் முன்னாலேயே சொல்லி எழுத்தர் அல்லது கணினி, கூடுதல் நேரம், நடுவே ஓய்வு என்று கேட்டு வாங்க வேண்டும். விதி ஊருக்கு ஊர் வேறு. இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேர்வு விதிகளில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. 40 சதவீத ஊனச் சான்று இல்லாதவருக்கும் தேவை இருந்தால் எழுத்தர் உதவி உண்டு என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஒருவர் தொடுத்த வழக்கு அது. பிரிட்டனில் தேர்வன்று உடம்பு முடியாமல் எழுதினால் பள்ளி மூலம் மதிப்பெண் கூட்டிக் கேட்கலாம், ஆனால் அதிகபட்சம் 5 சதவீதம்தான். தேர்வுக்கு முன்னால் கேட்டு வாங்கும் வசதிதான் கைகொடுக்கும், எழுதி முடித்த பிறகு கிடைப்பது சொற்பம்.

தூறல்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எனக்குக் க்ரோன்ஸ் நோய், குடல் அழற்சி வந்து வந்து போகும். விண்ணப்பத்தில் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. என் மதிப்பெண்கள் சரியவில்லை, அதனால் யாரும் கேட்கவும் இல்லை. நோயாளி என்ற முத்திரையோடு உள்ளே போக எனக்குப் பிடிக்கவில்லை. இதில் பொய் ஒன்றும் இல்லையே?

மேசைவிளக்கு

பொய்யே இல்லை தூறல். கேட்காததைச் சொல்லாமல் இருப்பது உங்கள் உரிமை. விண்ணப்பத்தில் நேரடியாகக் கேட்டால் மட்டும் தவறான பதில் எழுதக் கூடாது. ஒன்று கேட்கிறேன், சேர்ந்த பிறகு சொன்னீர்களா?

தூறல்

சொல்லவில்லை. முதல் பருவம் ஆறாவது வாரத்தில் நோய் திரும்ப வந்தது. பொதுக் கழிப்பறை உள்ள விடுதி, தளத்துக்கு இரண்டுதான். ராத்திரி மூன்று மணிக்கு வரிசையில் நின்று அழுதிருக்கிறேன். ஒரு தேர்வில் பாதியில் எழுந்து ஓடினேன், திரும்பி வந்தபோது விடைத்தாளை வாங்கி வைத்திருந்தார்கள். அதற்கப்புறம்தான் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவிப் பிரிவுக்குப் போனேன். குளியலறையோடு தனி அறை, தேர்வில் வெளியே போய்வர அனுமதி, இரண்டும் பத்து நாளில் கிடைத்தன. சேர்க்கைக் குழுவுக்குச் சொல்லாததற்கு எனக்கு வருத்தமில்லை. இடம் கிடைத்த அன்றே இந்தப் பிரிவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பல கல்லூரிகளில் இந்த இரண்டும் தனித்தனிப் பிரிவுகள், ஒன்றிடம் சொல்வது இன்னொன்றுக்குப் போகாது. அது அப்போது எனக்குத் தெரியாது.

வெண்தாமரை

அக்கா, நான் புற்றுநோய்ப் பிரிவில் செவிலியர். விண்ணப்பத்தைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், நான் வேறு ஒன்றை அவசரமாகச் சொல்ல வேண்டும்.

கீமோ அடுத்த வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் டாக்டரிடம், பிற்காலத்தில் குழந்தை பெறும் திறன் என்னாகும் என்று கேட்டுவிடுங்கள். 17 வயசுப் பெண்ணிடம் இதை எப்படிப் பேசுவது என்று வீட்டில் தயங்குவார்கள், அந்தப் பரபரப்பில் மருத்துவமனையிலும் விட்டுப்போவதுண்டு. ஏபிவிடி என்ற மருந்துக் கூட்டுதான் என்றால் அந்த ஆபத்து குறைவு. ஆனால் நோய் திரும்பினாலோ வீரியமான மருந்துக்கு மாறினாலோ கதை வேறு. கருமுட்டை சேமிக்கச் சுமார் இரண்டு வாரம் பிடிக்கும். அவ்வளவு காத்திருக்கலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும், அதனால் நாளைக்கே கேளுங்கள். ஆண் பிள்ளைகளுக்கு விந்து சேமிப்பது ஒரே நாள் வேலை. இதைப் படிக்கும் மற்றப் பெற்றோரும் கவனியுங்கள். மகளை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பேசாதீர்கள். அவள் உடம்பு, அவள் அறையில் இருக்கட்டும்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மறுநாள் எழுத வேண்டிய தேர்வு, அன்று ராத்திரி முடியும் விண்ணப்பம், எதையும் பார்க்கக் கூடாது. உடனே மருத்துவமனை. மருந்து ஏற்றி ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அவள் தெம்பாக இருப்பதாக உணரும் நாட்களும் அதுவாகவே இருக்கலாம். அதனால் கடைசிபெஞ்ச் தம்பி சொன்ன பச்சை நாளில் வீட்டில் உட்கார்ந்து எழுதலாம், கூட்டத்தோடு கல்லூரி சுற்றிப் பார்க்கப் போக வேண்டாம்.

சாளரம்

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். நோய் எனக்கில்லை, என் அப்பாவுக்கு. வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். என் மதிப்பெண்ணும் இறங்கியிருக்கிறது. இதையெல்லாம் சொன்னால் சாக்கு சொல்கிற மாதிரி இருக்காதா?

மேசைவிளக்கு

இருக்காது. தம்பியோ தங்கையோ தெரியவில்லை, கேளுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் அப்பாவோடு போகிறது என்று கணக்காக எழுதுங்கள். பள்ளிக்கு வெளியே என்ன செய்கிறீர்கள் என்று கேட்கும் இடத்தில் மற்றவர் விளையாட்டு, இசை என்று எழுதுவார்கள். நீங்கள் இதை எழுதுங்கள். பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கும் அமெரிக்கக் காமன் ஆப்பில் அந்தப் பட்டியலில் குடும்பப் பொறுப்பு என்றே ஒரு வகை இருக்கிறது. உங்கள் ஆசிரியர் ஒருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும். இந்த வாரமே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

கருவேலம்

தங்கச்சி, ஒரு வருஷம் தள்ளிப்போடுவதைப் பற்றி நான் சொல்கிறேன், அந்த வழியாகப் போனவன். என் மகனுக்கு இடம் கிடைத்த பிறகு, வகுப்பு தொடங்க ஐந்து வாரம் இருக்கும்போது நோய் திரும்பியது. தள்ளிப்போட்டோம்.

உங்கள் கணவர் சொல்வதும் மகள் சொல்வதும் இரண்டும் நடக்கலாம். விண்ணப்பிப்பது வேறு, சேர்வது வேறு. இப்போது விண்ணப்பித்து, இடம் கிடைத்தால் அதன்பின் ஒரு வருஷம் தள்ளிக் கேட்கலாம். பல கல்லூரிகள் தரும். ஆனால் நுழைவுத் தேர்வுத் தரவரிசையை வைத்து இடம் தரும் படிப்புகளில் இந்தப் பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை, அடுத்த வருஷம் திரும்ப எழுத வேண்டும். எந்தப் படிப்பு எந்த ரகம் என்று முதலில் பிரித்துவிடுங்கள்.

நான் பட்ட அடி ஒன்று. ஒரு அலுவலர் போனில் "ஒன்றும் பிரச்சினை இல்லை, அடுத்த வருஷம் வரச் சொல்லுங்கள்" என்றார். நம்பி இருந்துவிட்டேன். மறுவருஷம் இடம் இருந்தது, உதவித்தொகை இல்லை. அது அந்த வருஷத்து மாணவர்களுக்கு மட்டுமாம். போனில் பேசியவர் மாறிப்போயிருந்தார், எங்கள் கையில் ஒரு காகிதம்கூட இல்லை. இடம், உதவித்தொகை, விடுதி மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். இடைப்பட்ட வருஷத்தில் வேறு கல்லூரியில் ஏதாவது பாடம் படித்தால் தள்ளிவைத்த இடம் ரத்தாகுமா என்றும் கேளுங்கள், சில இடங்களில் ஆகும். அப்புறம் மருத்துவக் காப்பீடு. பிள்ளை முழுநேர மாணவராக இருந்தால்தான் குடும்பக் காப்பீட்டில் தொடரலாம் என்று சில திட்டங்களில் விதி இருக்கும். சிகிச்சை நடுவில் அது அறுந்துவிடக் கூடாது.

மேசைவிளக்கு

கருவேலம் அண்ணா சொன்னது அத்தனையும் உண்மை. ஒன்று சேர்க்கிறேன். கடைசித் தேதிக்குள் முடியாது என்று தோன்றினால், தேதிக்கு முன்னால் மின்னஞ்சல் போடுங்கள். விண்ணப்ப எண், ஒரு வரியில் காரணம், எத்தனை நாள் வேண்டும். மூன்று வரி போதும். முன்னால் வந்த கோரிக்கைக்கு நாங்கள் இல்லை என்று சொன்னது அபூர்வம். தேதி தாண்டி வந்தால், மனசு இருந்தாலும் கணினி திறக்காது.

பள்ளியிலும் இதே கதைதான். முடிக்காத பாடத்துக்குக் குறைந்த மதிப்பெண் போடுவதற்குப் பதில் "நிறைவு பெறவில்லை" என்று குறித்து வைக்க வழி இருக்கிறதா, ஒரு பாடத்தை விட்டுவிட முடியுமா என்று பருவம் முடிவதற்குள் கேளுங்கள். பட்டியலில் எண் ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு.

பனிக்கூழ்

ஒரு சந்தேகம். இவ்வளவு பெரிய அனுபவத்தைக் கட்டுரையில் எழுதக் கூடாது என்கிறீர்களா? என் தங்கை தன் வலிப்பு நோயைப் பற்றித்தான் எழுதினாள், நன்றாக இருந்தது. அவளுக்கு அதைவிட உண்மையான விஷயம் வேறு இல்லை.

கடைசிபெஞ்ச்

எழுதக் கூடாது என்று இல்லை அக்கா. நான் எழுதிப் பார்த்தேன். முதல் வரைவு முழுக்க ஆஸ்பத்திரி. படித்துப் பார்த்தால் அதில் டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், அம்மா இருக்கிறாள், நான் படுத்திருக்கிறேன். தூக்கிப் போட்டுவிட்டேன். எனக்குப் பழைய கைக்கடிகாரங்களைப் பிரித்துப் பூட்டப் பிடிக்கும். ஒரு கடிகாரத்தின் தேதிச் சக்கரம் நள்ளிரவில் தாண்டாமல் பாதியில் நின்றுகொண்டே இருந்தது, நாலு மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். அதைத்தான் எழுதினேன். விரல் மரத்துப்போனதால் திருகாணியைக் கண்ணால் பார்த்தே பிடிக்கக் கற்றுக்கொண்டேன் என்று ஒரு வரி வந்தது. நோய் அந்த ஒரு வரியோடு சரி. மற்றதைப் பள்ளிக் கடிதம் சொன்னது.

உங்கள் தங்கைக்கு வலிப்புதான் அந்தக் கடிகாரம் என்றால் அவள் எழுதியதுதான் சரி.

மேசைவிளக்கு

நோயைப் பற்றி வந்த நல்ல கட்டுரைகள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். எழுதியவர்கள் எல்லோரும் அதிலிருந்து கொஞ்சம் தள்ளி வந்திருந்தார்கள். உங்கள் மகள் இன்னும் முதல் ஊசியே போடவில்லை, சகோதரி. இப்போது அதை எழுதச் சொல்லி யாரும் வற்புறுத்தாதீர்கள். "நல்ல கதை கிடைத்திருக்கிறது" என்று சொல்லும் உறவினர் ஒருவர் நிச்சயம் வருவார். வாசலிலேயே நிறுத்துங்கள்.

நிலாமுற்றம்

பதினோரு வாரம் கழித்து வருகிறேன். பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி என்று சொன்னால் போதாது.

வெண்தாமரை, நீங்கள் எழுதிய மறுநாள் காலையிலேயே டாக்டரிடம் கேட்டோம். அவளும் உள்ளே இருந்தாள். அதற்கு மேல் இங்கே எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கேட்டோம், பேசினோம், முடிவு அவளுடையது.

ஐந்து மருந்து ஏற்றியாகிவிட்டது. ஸ்கேன் சுத்தமாக வந்தது. நுரையீரலைப் பாதிக்கக்கூடிய ஒரு மருந்தை இனி வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். இன்னும் சில மாதம் இருக்கிறது.

ஒன்பது கல்லூரி நாலு ஆனது. வெட்டின ஐந்தையும் அவள்தான் வெட்டினாள், ஒன்றை மட்டும் அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு விண்ணப்பத்துக்குக் காய்ச்சலால் முடியவில்லை, தேதிக்கு முந்தின நாள் மருத்துவமனையிலிருந்து மூன்று வரி அனுப்பினோம். பத்து நாள் கொடுத்தார்கள். பள்ளிக் கடிதம் மேசைவிளக்கு எழுதிக் கொடுத்த மாதிரியேதான். நோயின் பெயர் அதில் இல்லை, அது அவள் முடிவு. என் கணவர் இப்போது காலண்டருக்குப் பச்சை அடிக்கிறார்.

தள்ளிப்போடுவதா என்பதை இடம் கிடைத்த பிறகு பார்க்கிறோம். உதவித்தொகை பற்றி இரண்டு கல்லூரியிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன், ஒன்று பதில் போட்டிருக்கிறது.

வெண்தாமரை

படித்துவிட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன் அக்கா. சிகிச்சை முடியும் அன்று சுருக்கக் குறிப்பு ஒன்று எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். எந்த மருந்து மொத்தம் எவ்வளவு, கதிர்வீச்சு கொடுத்திருந்தால் எந்த இடத்தில் எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும். ஏபிவிடியில் இருக்கும் டாக்சோரூபிசின் என்ற மருந்தை வாங்கியவர்களுக்குப் பிற்காலத்தில் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டியிருக்கும். புது ஊர் டாக்டருக்கு அந்தக் கணக்கு தெரிய வேண்டும். கல்லூரிகள் கேட்கும் தடுப்பூசிகளில் உயிருள்ள கிருமி வகை ஏதாவது இருந்தால் கீமோ முடிந்தும் சில மாதம் போடக் கூடாது. அதற்கும் டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். 18 வயது நிறைந்ததும் பல இடங்களில் அறிக்கைகளைப் பெற்றோரிடம் தர மாட்டார்கள், மகள் கையெழுத்து வேண்டும். உங்களை எவ்வளவு தூரம் உள்ளே விடுவது என்று அவளோடு இப்போதே பேசி வையுங்கள்.

நிலாமுற்றம்

மகள் எழுதச் சொல்கிறாள், இது அவள் கேள்வி: கடைசிபெஞ்ச் அண்ணா, எனக்கும் இரண்டு விரல் லேசாக மரத்துப்போயிருக்கிறது. உங்களுக்குச் சரியாக எவ்வளவு நாள் ஆனது?

கடைசிபெஞ்ச்

முதலில் டாக்டரிடம் சொல்லிவிடும்மா, இன்றைக்கே. அளவைக் குறைக்க வேண்டுமா என்று அவர்கள் பார்ப்பார்கள். எனக்கு வின்கிரிஸ்டின் நின்ற பிறகு ஏழு மாதம் ஆனது. சட்டைப் பொத்தான் முதலில் வந்தது, அப்புறம் பேனா. கடிகாரத் திருகாணி கடைசியில். வலது சுண்டுவிரல் நுனி மட்டும் இன்னும் கொஞ்சம் தூங்குகிறது.